எல்டிஎல் 92 என்றால் போதுமா? இரத்தக் கொழுப்புப்புரதங்களும் இதயத் தமனி நோயும்

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிப்பிட் பரிசோதனை ஒன்றின் முடிவில் மொத்தக் கொலஸ்டிரால் 178, ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 260, நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்டிஎல் 34, கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல் 92 என்று வந்திருக்கிறது. எல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். எல்டிஎல் 100-க்குக் கீழே இருப்பதால் இதயத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லையா, குறைந்திருக்கும் எச்டிஎல்லை உயர்த்திக்கொண்டால் போதுமா, மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எல்டிஎல் 100-க்குள்தான் இருக்கிறது என்றால் இந்த எண்களுக்கு என்னதான் மதிப்பு என்பவை கேட்டவரின் மூன்று சந்தேகங்கள். மூன்றும் ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. தமனியைக் கெடுப்பது இரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலின் எடை என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். ஏபோ-பி என்ற புரதத்தைத் தாங்கிய துகள்கள் எத்தனை இருக்கின்றன, அவை எத்தனை ஆண்டுகளாக அந்த அளவில் சுற்றிவந்திருக்கின்றன என்ற இரண்டும்தான் ஆபத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆய்வகம் தரும் எல்டிஎல் எண், அந்தத் துகள் எண்ணிக்கைக்குப் பதிலாக நிற்கும் ஓர் அளவு. பலருக்கு அது நன்றாகவே பொருந்தும். கேள்வி கேட்டவருடையதைப் போன்ற முடிவுகளில்தான் அது அதிகமாக ஏமாற்றும்.

கொழுப்பு நீரில் கரையாது; இரத்தமோ பெரும்பகுதி நீர். ஆகவே குடலும் கல்லீரலும் கொழுப்பைத் துகள்களாகக் கட்டித்தான் இரத்தத்தில் விடுகின்றன. துகளின் வெளி ஓடு பாஸ்போலிப்பிடும் புரதமும் சேர்ந்தது. உள்ளே ட்ரைகிளிசரைடும் கொலஸ்டிரால் எஸ்டரும் அடைந்திருக்கும். இவற்றையே கொழுப்புப்புரதங்கள், அதாவது லிப்போபுரோட்டீன்கள் என்கிறோம். உணவுக் கொழுப்பைச் சுமந்து குடலிலிருந்து புறப்படுபவை கைலோமைக்ரான்கள். கல்லீரல் தானே கட்டி அனுப்புபவை மிகக் குறைந்த அடர்த்தி கொண்ட விஎல்டிஎல். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி, கடந்துபோகும் துகள்களின் ட்ரைகிளிசரைடைச் சிதைத்து எடுத்துக்கொள்ள, துகள் சுருங்கி, அதில் கொலஸ்டிராலின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. விஎல்டிஎல் இப்படித்தான் இடைநிலைத் துகளாகிக் கடைசியில் எல்டிஎல் ஆகிறது. இந்தப் பயணம் முழுவதும் துகளை விட்டுப் பிரியாமல் இருப்பது, அது பிறந்தபோதே அதனுடன் பின்னப்பட்ட ஏபோ-பி100 மூலக்கூறு. 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெரும் புரதம் துகளுக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்கு அது மாறிச் செல்வதில்லை. எனவே இரத்தத்தில் ஏபோ-பியை அளப்பது, துகள்களைத் தலையெண்ணுவதற்குச் சமம்.

எச்டிஎல் தனி வகை. அதன் அடிப்படைப் புரதம் ஏபோ-ஏ1. இந்தத் துகள்களை அதிவேக மையவிலக்குக் கருவியால் பிரித்து, இதய நோயுடன் அவற்றுக்குள்ள தொடர்பை முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய ஜான் காஃப்மன். அவர் குழுவின் முடிவுகள் 1950-இல் வெளியாயின. மொத்தக் கொலஸ்டிராலைவிட எந்தத் துகள் எவ்வளவு என்பதே முக்கியம் என்று அவர் அப்போதே வாதாடினார். அவருடைய முறை கடினமானது, செலவு மிக்கது. மருத்துவ உலகம் எளிய எண்ணைப் பிடித்துக்கொண்டது. அந்த வசதிக்கான விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

தமனிச் சுவரில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓர் எல்டிஎல் துகளின் விட்டம் 20 முதல் 25 நானோமீட்டர் வரை. சுமார் 70 நானோமீட்டருக்குக் குறைவான ஏபோ-பி துகள்கள் எல்லாமே தமனியின் உள்ளணைச் செல்களைக் கடந்து சுவருக்குள் போகக்கூடியவை. விஎல்டிஎல்லும், கைலோமைக்ரான்கள் சுருங்கியபின் எஞ்சும் மிச்சத் துகள்களும் இதில் அடக்கம். முழு உருவில் உள்ள பெரிய கைலோமைக்ரான்களால்தான் நுழைய முடியாது. உள்ளே போகும் துகள்களில் பெரும்பாலானவை திரும்ப வெளியேறிவிடும். சில மட்டும் சுவரில் உள்ள புரோட்டியோகிளைக்கான் என்ற பிசுபிசுப்பான மூலக்கூறுகளில் சிக்கிக்கொள்கின்றன. ஏபோ-பியில் உள்ள நேர்மின் பகுதி அவற்றின் எதிர்மின் பகுதியோடு ஒட்டிக்கொள்வதே காரணம். தமனித் தடிப்பின் தொடக்கம் இந்தச் சிக்கல்தான் என்ற கருத்தை வில்லியம்ஸும் தாபஸும் 1995-இல் முன்வைத்தார்கள். சிக்கிய துகள் ஆக்சிஜனேற்றத்தாலும் நொதிகளாலும் சிதைகிறது. அதைக் கண்டு வரும் வெள்ளணுக்கள் மேக்ரோஃபேஜ்களாக மாறி அதை விழுங்குகின்றன. விழுங்கிய கொலஸ்டிராலை எரித்துத் தீர்க்க உடலின் செல்களால் முடியாது என்பதால், அவை கொழுப்பால் உப்பி நுரைச்செல்களாகின்றன. சுவரின் மென்தசைச் செல்களும் இதே கதிக்கு ஆளாகின்றன. செல்கள் இறக்க இறக்க நடுவில் கொழகொழப்பான ஒரு கரு திரள்கிறது, மேலே நாரிழைகளாலான ஒரு மூடி அமைகிறது. அந்த மூடி மெலிந்து ஒரு நாள் கிழிந்தால், உள்ளிருப்பது இரத்தத்தைத் தொட்டு உறைகட்டி உண்டாகி, இதயத் தசைக்குப் போகும் குழாய் அடைபடுகிறது. மாரடைப்பு சில நிமிடங்களில் நிகழ்ந்தாலும், அதற்கான படிவு பல பத்தாண்டுகள் சேர்ந்தது.

இந்தச் செயல்முறையில் துகள்களின் எண்ணிக்கை ஏன் முதலிடம் பெறுகிறது என்பது இப்போது விளங்கும். சுவரில் ஒட்டுவது ஏபோ-பி. ஒரு துகள் தன்னுள் எவ்வளவு கொலஸ்டிரால் வைத்திருந்தாலும் அது ஒரு முறைதான் ஒட்ட முடியும். இரத்தத்தில் எத்தனை துகள்கள் இருக்கின்றனவோ, அத்தனை முயற்சிகள் சுவரின் மேல் நடக்கின்றன.

அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கல்லீரல். டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1970-களின் தொடக்கத்தில் எல்டிஎல் ஏற்பியைக் கண்டறிந்தார்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி ஓர் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி மேலே வரும். இப்படி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்து நிமிடம். ஏற்பிகள் குறைந்தால் துகள்கள் இரத்தத்தில் தங்கும் காலம் நீளும், எண்ணிக்கை ஏறும். பிறவியிலேயே இரு மரபணுப் படிகளும் பழுதான குழந்தைகளுக்கு எல்டிஎல் 400, 500 என்று இருப்பதும், பத்து வயதுக்குள்கூட மாரடைப்பு வருவதும் இதனால்தான். 1984-இல் பிட்ஸ்பர்க்கில் அத்தகைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு கல்லீரலையும் சேர்த்து மாற்றினார்கள். 1,000-ஐத் தாண்டியிருந்த அவளுடைய மொத்தக் கொலஸ்டிரால் புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் 300-க்கு அருகே இறங்கியது. மாறியது கல்லீரலில் உள்ள ஏற்பிகள். எல்டிஎல்லைக் கட்டுப்படுத்தும் உறுப்பு எது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

இனி அந்தப் பரிசோதனைத் தாளுக்கு வருவோம். பெரும்பாலான ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை; 1972-இல் ஃப்ரீட்வால்ட் வெளியிட்ட சூத்திரத்தால் கணக்கிடுகின்றன. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒரு பங்கு, விஎல்டிஎல்லில் உள்ள கொலஸ்டிராலுக்கான தோராய மதிப்பு. 178-இல் 34-ஐயும் 52-ஐயும் கழித்தால் 92. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது; 200-க்கு மேல் போகும்போதே, குறிப்பாக எல்டிஎல் குறைவாக உள்ளவர்களிடம், அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும்.

இப்போது வேறொருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: மொத்தக் கொலஸ்டிரால் அதே 178, எச்டிஎல் 70, ட்ரைகிளிசரைடு 80. கழித்துப் பார்த்தால் அவருக்கும் எல்டிஎல் 92. மொத்தமும் ஒன்று, எல்டிஎல்லும் ஒன்று. ஆனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். அவருக்கு வருவது 108. கேள்வி கேட்டவருக்கு வருவது 144. எச்டிஎல் அல்லாத கொலஸ்டிரால் எனப்படும் இந்த எண், ஏபோ-பி தாங்கிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்டிராலின் கூட்டுத்தொகை. அதற்குத் தனிச் செலவு இல்லை, சூத்திரத்தின் தோராயம் இல்லை, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், சாதாரண லிப்பிட் பரிசோதனையில் நான் பார்ப்பது இதைத்தான்.

வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்கள் இரத்தத்தில் மிகும்போது, சிஇடிபி என்ற கடத்துப் புரதம் அவற்றின் ட்ரைகிளிசரைடை எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் கொடுத்து, பதிலுக்கு அவற்றின் கொலஸ்டிராலை வாங்கிவிடுகிறது. கொலஸ்டிராலை இழந்து ட்ரைகிளிசரைடு ஏறிய எல்டிஎல்லைக் கல்லீரலின் லைப்பேஸ் நொதி சிதைக்க, அது சிறுத்துவிடுகிறது. அதே வழியில் எச்டிஎல்லும் சிறுத்துச் சிறுநீரகம் வழியாக வேகமாக வெளியேறுகிறது. ட்ரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு எச்டிஎல் குறைந்திருப்பது இதனால்தான். ஆகவே கேள்வி கேட்டவரின் ஒவ்வோர் எல்டிஎல் துகளிலும் உள்ள கொலஸ்டிரால், மற்றவரின் துகளில் உள்ளதைவிடக் குறைவு. அதே 92 மில்லிகிராம் அதிகத் துகள்களில் பகிர்ந்து கிடக்கிறது. தொந்தியும் இன்சுலின் எதிர்ப்பும் டைப் 2 நீரிழிவும் உள்ளவர்களிடம் இந்த அமைப்பு மிகச் சாதாரணமாகக் காணப்படும். இவர்களிடம்தான் ஏபோ-பி பரிசோதனை பயன் தரும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், மிதமான ஆபத்து உள்ளவர்களுக்கு ஏபோ-பி அளவு 100-க்குக் கீழும், அதிக ஆபத்துக்கு 80-க்குக் கீழும், மிக அதிக ஆபத்துக்கு 65-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. எச்டிஎல் அல்லாத கொலஸ்டிராலுக்கு அதே வரிசையில் 130, 100, 85. 144 இவற்றில் எதற்குள்ளும் அடங்கவில்லை.

அப்படியானால் ட்ரைகிளிசரைடைக் குறைத்தால் போதுமே என்று தோன்றலாம். 2022-இல் வெளியான ப்ராமினென்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. நீரிழிவும், 200 முதல் 499 வரை ட்ரைகிளிசரைடும், 40-க்கு மேற்படாத எச்டிஎல்லும் கொண்ட 10,497 பேரிடம் பெமாஃபைப்ரேட் என்ற மருந்தைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ட்ரைகிளிசரைடு கால் பங்குக்கு மேல் குறைந்தது. இதய நிகழ்வுகள் குறையவில்லை. அந்த மருந்து ஏபோ-பியைக் குறைக்கவில்லை. சிறிதளவு உயர்த்தவே செய்தது. துகளின் சுமை மாறியது, துகள்கள் குறையவில்லை.

மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேர் பற்றிய செய்தி 2009-இல் வெளியான ஓர் அமெரிக்கத் தரவுத் தொகுப்பிலிருந்து வருவது. இதயத் தமனி நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 1,36,905 பேரின் கொழுப்பு அளவுகளைப் பார்த்ததில், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எல்டிஎல் 100-க்குக் குறைவு. கொலஸ்டிராலுக்கும் இதய நோய்க்கும் சம்பந்தமில்லை என்று வாதிடுவோர் இதை விடாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். எண் சரி, முடிவு தவறு. சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மாரடைப்பின்போது உடலில் ஏற்படும் அழற்சியே எல்டிஎல்லைத் தாழ்த்தும். எச்டிஎல் அந்தத் தொகுப்பில் பலருக்கும் குறைந்திருந்தது, அதாவது கேள்வி கேட்டவரைப் போல எல்டிஎல் எண் ஏமாற்றக்கூடிய பலர் அதில் இருந்திருப்பார்கள்.

இவற்றைவிட முக்கியமானது, இயல்பு என்று ஆய்வகத் தாளில் அச்சிடப்படும் வரம்பு எதைச் சொல்கிறது என்பது. பிறந்த குழந்தையின் எல்டிஎல் 30 அளவில்தான் இருக்கும். வளர்ந்தோரிடம் பரவலாகக் காணப்படும் 110, 120 போன்றவை பெரும்பான்மையோரின் அளவுகள். பாதுகாப்பான அளவுகள் என்று அவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. மாட்ரிட்டில் 40 முதல் 54 வயது வரையுள்ளோரைக் கொண்டு நடந்த பெசா ஆய்வில், வழக்கமான ஆபத்துக் காரணிகள் எதுவும் இல்லாதவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமனித் தடிப்பு தொடங்கியிருந்தது. இயல்பு எனக் கருதப்பட்ட வரம்புக்குள்ளேயே எல்டிஎல் ஏற ஏற அது கூடியது. ஒரு சமூகத்தில் அனைவரும் தினம் இருபது சிகரெட் புகைத்தால், அங்கே செய்யப்படும் எந்த ஆய்வும் நுரையீரல் புற்றுநோயை மரபணு நோய் என்றே காட்டும் என்று தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதினார். எல்லாருடைய எல்டிஎல்லும் உயர்ந்திருக்கும் இடத்தில், நோய் வந்தவரையும் வராதவரையும் அந்த எண்ணால் மட்டும் பிரிக்க முடியாமல் போவது இதே காரணத்தால்தான்.

காலம் என்ற இரண்டாவது காரணி இங்கே நுழைகிறது. பிசிஎஸ்கே9 என்ற புரதம் எல்டிஎல் ஏற்பியைப் பிடித்து அழிவுக்கு அனுப்புவது. அந்த மரபணு பிறவியிலேயே செயலிழந்த சிலர் இருக்கிறார்கள். 2006-இல் ஜோனதன் கோஹனும் ஹெலன் ஹாப்ஸும் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய மாற்றம் கொண்ட கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடு குறைவு, இதயத் தமனி நோய் 88 விழுக்காடு குறைவு. நடுவயதில் மருந்தால் எல்டிஎல்லை அதே அளவு குறைத்தால் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் ஆய்வுகளை ஒருங்கே தொகுத்த பெரும் பகுப்பாய்வுகளின்படி, எல்டிஎல்லில் 39 மில்லிகிராம் குறைவுக்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைவுக்கு, பெரும் இதய-இரத்தக்குழாய் நிகழ்வுகள் சில ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அதே குறைவு பிறந்த நாள் முதல் இருந்தால் பலன் பாதிக்கும் மேல் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. புகைப்பவரின் ஆபத்தை நாளுக்கு எத்தனை, எத்தனை ஆண்டு என்று பெருக்கிப் பார்ப்பதைப் போலவே ஏபோ-பியையும் பார்க்க வேண்டும். 35 வயதில் 144 என்பதும் 70 வயதில் 144 என்பதும் இன்றைய தாளில் ஒன்றாகத் தெரியலாம், தமனியில் ஒன்றல்ல.

எல்டிஎல் வெறும் அடையாளமா, காரணமா என்ற பழைய வழக்கு முடிந்துவிட்டது என்று நான் கருதுவதற்கு, வெவ்வேறு வழியில் செயல்படும் மருந்துகள் ஒரே திசையில் முடிவு காட்டியதே காரணம். குடலில் பித்த அமிலங்களைக் கட்டிப்போடும் கொலஸ்டைரமின் 1984-இல் மாரடைப்பையும் இதய மரணத்தையும் 19 விழுக்காடு குறைத்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேரைக் கொண்ட ஸ்காண்டிநேவிய ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் மொத்த இறப்பையே 30 விழுக்காடு குறைத்தது 1994-இல். குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப், ஸ்டாட்டினோடு சேர்ந்து எல்டிஎல்லை 70-லிருந்து 54 வரை இறக்கியபோது சிறிய, ஆனால் எதிர்பார்த்த அளவிலான பலன் 2015-இல் பதிவானது. பிசிஎஸ்கே9-ஐத் தடுக்கும் எவொலோகுமாப் 2017-இல் 27,564 பேரிடம் எல்டிஎல்லை 92-லிருந்து 30-க்குக் கொண்டுவந்து நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. நான்கும் நான்கு வேறு வழிகள். நான்கிலும் பொதுவாக இருப்பது ஏபோ-பி துகள்கள் குறைவது ஒன்றே.

எச்டிஎல்லின் கதை இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு உட்படப் பல நீண்டகால ஆய்வுகளில் எச்டிஎல் குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது உண்மை. செல்களிலிருந்து கொலஸ்டிராலை வாங்கிக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துச் செல்கிறது என்ற விளக்கமும் கவர்ச்சியாக இருந்தது. எனவே அதை உயர்த்தினால் நோய் குறையும் என்று முடிவுகட்டி மருந்து தேடினார்கள். டோர்செட்ராபிப் எச்டிஎல்லை 72 விழுக்காடு உயர்த்தியது. 15,067 பேரைக் கொண்ட அந்த ஆய்வு 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது, ஏனெனில் மருந்து எடுத்தவர்களில் 93 பேரும் எடுக்காதவர்களில் 59 பேரும் இறந்திருந்தார்கள். அந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் கூட்டியது என்பதால் எச்டிஎல்லைக் குற்றம் சொல்ல முடியாது என்று ஆதரவாளர்கள் வாதிட்டது நியாயமே. ஆனால் அந்தக் கோளாறு இல்லாத டால்செட்ராபிப் 2012-இல் எச்டிஎல்லை முப்பது விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியும் எந்தப் பயனும் தரவில்லை. 25,673 பேரிடம் 2014-இல் முடிந்த நியாசின் ஆய்விலும் அப்படியே. அதில் பக்க விளைவுகள்தான் கூடின. அனாசெட்ராபிப் எச்டிஎல்லை இரட்டிப்பாக்கி 2017-இல் 9 விழுக்காடு பலன் காட்டியது உண்டு. அந்த மருந்து எச்டிஎல் அல்லாத கொலஸ்டிராலையும் 18 விழுக்காடு குறைத்தது, கிடைத்த பலன் அந்தக் குறைவுக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாமோ அவ்வளவுதான்.

மரபணுக்களும் இதையே சொல்கின்றன. எண்டோதீலியல் லைப்பேஸ் மரபணுவில் ஒரு மாற்றம் எச்டிஎல்லை மட்டும் உயர்த்தும், மற்றவற்றைத் தொடாது. 2012-இல் வெளியான ஆய்வின்படி அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு சிறிதும் குறையவில்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்விலோ, எச்டிஎல் மிக மிக உயர்ந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடியே இருந்தது. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களின் சராசரி எச்டிஎல் 40-க்குச் சற்றுக் குறைவு, எல்டிஎல் 91. அவர்களில் 705 பேரை ஸ்கேன் செய்ததில் 85 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவே இல்லை. நாள் முழுவதும் நடப்பதும் புகைக்காததும் அதில் பங்களித்திருக்கும் என்றாலும், குறைந்த எச்டிஎல் தன்னளவில் தமனியைக் கெடுக்கவில்லை என்பதாவது தெரிகிறது. ஆகவே 34 என்ற எண்ணை நான் ஓர் எச்சரிக்கைக் குறியாக வாசிக்கிறேன்: ட்ரைகிளிசரைடு வளர்சிதைமாற்றம் சீராக இல்லை, துகள் எண்ணிக்கை கூடியிருக்க வாய்ப்புண்டு என்று அது சொல்கிறது. அதையே குறிவைத்து மருந்து கொடுப்பதில் பொருளில்லை.

வழக்கமான லிப்பிட் பரிசோதனையில் தெரியவே தெரியாத இன்னொரு துகள் உண்டு. நார்வேயின் கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்த லிப்போபுரோட்டீன்(ஏ), சுருக்கமாக எல்பி(ஏ), ஓர் எல்டிஎல் துகளின் ஏபோ-பியோடு ஏபோ(ஏ) என்ற கூடுதல் புரதம் பிணைந்தது. இந்தப் புரதம், இரத்த உறைவைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜனைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இதன் அளவு ஏறக்குறைய முழுவதுமே பிறப்பில் தீர்மானிக்கப்படுவது. உணவோ உடற்பயிற்சியோ அதைக் குறிப்பிடும்படி மாற்றாது, ஸ்டாட்டினும் குறைக்காது. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அவர்களுக்கு மாரடைப்பின் ஆபத்து மட்டுமன்றி, பெருந்தமனி வால்வு குறுகும் ஆபத்தும் கூடுதல். மற்ற எல்லா எண்களும் சரியாக இருந்தும் இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாழ்நாளில் ஒரு முறை அளந்தால் போதும். அது உயர்ந்திருந்தால் மற்ற ஏபோ-பி துகள்களையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வழக்கத்தைவிடக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவதே இப்போதைக்கு வழி.

துகள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், மற்றவை ஒன்றுமில்லை என்று பொருளாகிவிடக் கூடாது. புகையும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தமனிச் சுவரைக் கெடுத்து அதே எண்ணிக்கைத் துகள்களால் அதிகச் சேதம் விளையச் செய்கின்றன. அழற்சிக்கும் தனிப் பங்கு உண்டு; எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்த கானாகினுமாப் என்ற மருந்து 2017-இல் நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்துக் காட்டியது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் ஒன்பது காரணிகள் சேர்ந்து முதல் மாரடைப்புகளின் பெரும்பகுதியை விளக்கின. அவற்றுள் தனித்து மிகப் பெரிய பங்கு ஏபோ-பிக்கும் ஏபோ-ஏ1-க்கும் உள்ள விகிதத்துக்கு.

இந்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருப்பவர் செய்யத்தக்கவை சில. ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் வெகுவாக மாறும் என்பதால் சில வாரங்கள் கழித்து ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீரக நோய், மது, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் ஆகியவை கொழுப்பு அளவுகளைக் குலைக்கும். அவற்றை விலக்காமல் மாத்திரை தொடங்குவது அவசரம். ஏபோ-பி, எல்பி(ஏ), மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மருந்து வேண்டுமா என்பதில் மருத்துவருக்கே ஐயம் இருந்தால், நடுவயதினருக்கு இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவைப் பார்க்கும் சிடி ஸ்கேன் உதவும். ஆனால் இளம் வயதில் அதன் மதிப்பெண் பூஜ்ஜியமாக இருப்பது, சுண்ணாம்பு ஏறாத மென்படிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

உணவில் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் நிறைவுறாக் கொழுப்பைக் கொண்டுவந்தால் கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகள் கூடும். கரையும் நார்ச்சத்தும் எல்டிஎல்லைச் சிறிது குறைக்கும். ட்ரைகிளிசரைடை இறக்குவதில் எடைக் குறைப்பும், மதுவையும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குறைப்பதும்தான் வேகமாகப் பலன் தரும். உணவில் உள்ள கொலஸ்டிரால் பலரும் அஞ்சுகிற அளவுக்குப் பெரும்பாலோருக்கு எண்ணை மாற்றுவதில்லை.

ஸ்டாட்டின் தேவைப்பட்டால், அதைப் பற்றிய அச்சம் உண்மையான ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். நீரிழிவு வரும் வாய்ப்பை அது சிறிதளவு கூட்டுகிறது, பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களிடம். தசைப் பாதிப்பும் சிலருக்கு உண்மையாகவே வருகிறது. ஆனால் 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்க விளைவால் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, ஸ்டாட்டினில் அவர்கள் உணர்ந்த தொல்லையில் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் இருந்தது. மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஆறு விழுக்காடுதான் இறங்கும். எனவே இலக்கு எட்டாதபோது அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட எசெடிமைப் சேர்ப்பது பெரும்பாலும் நல்லது. தொடங்கிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபடி இரத்தம் கொடுத்து, எல்டிஎல்லோடு எச்டிஎல் அல்லாத கொலஸ்டிராலையோ ஏபோ-பியையோ சேர்த்துப் பார்த்த பிறகே அளவு போதுமா என்று முடிவு செய்ய வேண்டும்.